டால்பினுக்கு அடியில் 23-ஏ

ஓய்வு பெற்ற ஏழு பேர் ஒரே பூங்காவில் தினமும் நடந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். எல்லோருக்கும் சர்க்கரை குறையும். அல்லது ஒரு சங்கம் பிறக்கும். எங்களுக்குச் சர்க்கரை குறையவில்லை.

முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் என்பதால் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. சங்கத்தின் விதிகளை நான்தான் எழுதினேன். எத்தனை பேர் வந்தால் கூட்டம், எத்தனை நாள் முன்பே அறிவிக்க வேண்டும், தலைவர் பதவியில் இருக்கும்போதே காலமானால் யார் நாற்காலியில் உட்காருவது, எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. சங்கம் என்ன செய்யும் என்பதற்கு மட்டும் ஒரே ஒரு வரி: 'நலிவுற்ற சிறு குடியிருப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குப் புத்துயிர் அளித்தல்.' தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குடியிருப்பில் ஏற்கெனவே உயிர் இருந்தால் என்ன செய்வது என்று நானும் கேட்கவில்லை.

தலைவர் பெரிய கம்பெனி ஒன்றில் பெரிய நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். கொட்டிவாக்கத்தில் கடல் தெரியும் வீடு. கடற்கரையில் நடந்தால் தெரிந்த முகம் கிடைக்காது என்று, நடப்பதற்காகவே தினமும் காரில் மயிலாப்பூர் பக்கம் வருவார். துணைத் தலைவர் மயிலாப்பூரிலேயே பிறந்து, அங்கேயே ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக இருந்த மாமி. நிறங்களால் மனிதர்களைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர். மற்ற நால்வரும் நல்லவர்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

நலிவுற்ற குடியிருப்பைத் தேடி நாங்கள் வெகுதூரம் போகவில்லை. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால், கால்வாயை ஒட்டி ஒரு சந்து. நாற்பதுக்குள் வீடுகள். சந்து முனையில் கார் நிறுத்த இடம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி வெண்பொங்கலுக்குப் பேர்போன மெஸ் ஒன்றும் இருந்தது. இந்த இரண்டு காரணங்களையும் நான் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை. 'பல்வேறு அம்சங்களைப் பரிசீலித்து' என்று எழுதினேன். அந்தச் சொற்றொடரைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, தேவைகளைக் கண்டறியும் படிவத்தோடு போனோம். மக்கள் மூன்று தேவைகளைச் சொன்னார்கள். குடிநீர்க் குழாயில் தண்ணீர் வர வேண்டும். கால்வாய் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஏறக் கூடாது. சந்தின் கடைசியில் விளக்கு வேண்டும். படிவங்களை அடுக்கிவைத்து மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டபடி ஆலோசித்தோம். தண்ணீர் ஒரு துறை, கால்வாய் இன்னொரு துறை, விளக்கு மூன்றாவது துறை. ஒவ்வொன்றுக்கும் யாருக்கு எழுத வேண்டும், எத்தனை நாளில் நினைவூட்ட வேண்டும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்ததனாலேயே, மூன்றும் நம் சக்திக்கு அப்பாற்பட்டவை என்று குறிப்பு எழுதினேன். எவருடைய அனுமதியும் தேவைப்படாத வேலை ஒன்று வேண்டும் என்றார் தலைவர்.

"சுவர்கள் இருக்கே" என்றார் மாமி. "எல்லாம் ஒரே அழுக்கும் கரியுமா. இத தெனம் பாத்துண்டிருந்தா மனசு எப்படி விளங்கும்? வர்ணம் அடிச்சுக் குடுப்போம். அப்புறம் பாருங்கோ."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதுவும் பொங்கலுக்குப் பிறகு காப்பி வருவதற்குள்.

பிறர் சுவரில் கை வைப்பதற்குமுன் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்றேன். இப்படிப்பட்ட விஷயங்களில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. சம்மதப் படிவம் தயாரித்தேன். வீட்டு எண் என்ற கட்டத்துக்கு என்ன எழுதுவது என்று பார்த்தால், வேலையை எனக்கு மிச்சம் பிடித்துவைத்தது போல ஒவ்வொரு வாசல் பக்கத்திலும் சிவப்பு பெயிண்டில் ஓர் எண் இருந்தது. வீடு ஒதுக்கும் அலுவலகத்திலிருந்து சில மாதம் முன்பு கணக்கெடுக்க வந்தவர்கள் எழுதிவிட்டுப் போனது. பார்த்துப் பார்த்து, ஒன்றுவிடாமல் படிவங்களில் பிரதி எடுத்தேன்.

ஒரு வாசலில் மட்டும் இடது பக்கம் 23, வலது பக்கம் 23-ஏ என்று இரண்டு எண்கள். வலது பக்கத்துக்காரர், நாற்பது வயது தாண்டிய பெண், வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறவர். வாசலிலேயே நின்று படிவத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார் இது, வூட்ட எழுதி வாங்கிக்கினு பூடுவியா?"

"இல்லம்மா. சுவத்துல படம் போடறதுக்குச் சம்மதம். அவ்வளவுதான்."

"படம் போட்டா தண்ணி வருமா?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

"நீ இன்னா டிபார்ட்மெண்டு?"

அதற்குப் பதில் விதிகளில் இல்லை. ஒரே வாசலுக்கு ஏன் இரண்டு எண் என்று பேச்சை மாற்றினேன்.

"இந்தப் பக்கம் நானு. அந்தப் பக்கம் எங்கொழுந்தன், அவன் பொண்டாட்டி. நடுவுல பிளைவுட்டு. எங்க வூட்டுக்காரு போனப்புறம் அப்டிதான். கணக்கெடுக்க வந்தவரு ஒரு வாசலுக்கு ஒரு நம்பருதான்னாரு. மண்டபத்துக்கு லீவு போட்டுட்டு அவரு பின்னாலயே கடைசி வூடு வரிக்கும் நடந்தேன் சார். கடுப்பாயி திரும்பி வந்து இந்த ஏ-வ எழுதிட்டுப் போனாரு. அவரு குடுத்த சீட்டுல எங்கொழுந்தன் பேருதான் கீது. என் ஆதார் கார்டு அன்னிக்குக் கையில இல்ல. 'அப்பால வந்து பேரு எழுதிக்கிறோம், செவுத்துல நம்பரு கீதில்ல'ன்னாரு."

நம்பர் உள்ளவர்களுக்கு இதே பகுதியில் கட்டப்போகும் மாடி வீட்டில் ஒரு வீடு. இல்லாதவர்களுக்கு எதுவும் நிச்சயமில்லை. அதையும் அவரே சொன்னார். நான் தலையாட்டியபடி வீட்டு எண் கட்டத்தில் 23-ஏ என்று தெளிவாக எழுதி, கையெழுத்து வாங்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தில் இருந்த அத்தனை எண்களையும் என் கையால் எழுதியவன் நான். அந்த எண்கள் எதற்காக இருக்கின்றன என்று அவர் வாயால் கேட்டவனும் நான். அடுத்த வாரம் அந்தச் சுவர்களுக்கு வெள்ளை அடிக்க ஏற்பாடு செய்தவனும் நானே.

வெள்ளைதான் முதலில் அடிக்க வேண்டுமாம், அப்போதுதான் மேலே வர்ணம் பிடிக்கும். ஒரு கணினிக் கம்பெனியிலிருந்து ஊழியர்கள் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு இரண்டு பேருந்துகளில் வந்தார்கள். மாமி சுவர் சுவராகப் போய்க் கைகாட்டினார்: "அந்தச் சிவப்புக் கிறுக்கல மொதல்ல அழிங்கோ. ரொம்ப அசிங்கமா இருக்கு." நான் சந்து முனையில் மேஜை போட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். பதிவேடு மிகச் சுத்தமாக இருந்தது.

பத்து மணிக்குள் சந்து முழுக்கக் கடலாகிவிட்டது. கால்வாய்க்கரையில் வாழ்பவர்களுக்குத் தண்ணீரின் மேல் பிரியம் வர வேண்டும் என்பது மாமியின் கருத்து. ஒரு வீட்டில் ஆமை, ஒரு வீட்டில் நட்சத்திர மீன். 23-ஐயும் 23-ஏ-வையும் சேர்த்து ஒரு டால்பின், வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. புகைப்படம் எடுத்தார்கள். தலைவர் எல்லாப் படத்திலும் நடுவில் நின்றார்.

பத்து நாள் கழித்து மெஸ் மாடியில் எங்கள் மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, படியேறி வந்து நின்றார் டால்பின் வீட்டுப் பெண்.

"என் நம்பரு எங்க சார்?"

சந்து முனையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம். அடுத்த புதன்கிழமை சரிபார்க்க ஆபீசர் வருகிறார். கூடவே பட்டியல். அதில் 23-க்கு எதிரே கொழுந்தன் பெயர். 23-ஏ-வுக்கு எதிரே பெயர் இல்லை; 'சுவர்க் குறியுடன் ஒப்பிட்டுப் பெயர் சேர்க்கப்படும்' என்று மட்டும். மற்ற வீட்டுக்காரர்கள் கையில் பெயரோடு சீட்டு இருக்கிறது, அவர்களுக்குச் சுவர் போனால் போகட்டும். இவருக்கு இருந்ததே சுவர்தான்.

தலைவர் புன்னகை மாறாமல் சொன்னார்: "நம்பர் எங்கேயும் போகலம்மா. பெயிண்டுக்கு அடியிலதான் பத்திரமா இருக்கு."

"ஆபீசரு வந்து டால்பின்ன பாத்து எம் பேரு எழுதுவாரா?"

"இதுல என்ன பெரிய விஷயம்?" என்றார் மாமி. "ஸ்டென்சில் வெட்டித் தரேன். எல்லா ஆத்து வாசல்லயும் அழகா நம்பர் போட்டுடலாம். அந்த டிசைனுக்கு மேட்சா கருநீலத்துல."

எனக்கு அப்போதுதான் நான் எழுதிய படிவம் நினைவுக்கு வந்தது. அன்றே வீட்டுக்குப் போய்க் கோப்பை எடுத்தேன். வெள்ளையடிப்பதற்கு முன் எடுத்த புகைப்படங்கள் இருந்தன. அந்த வாசலை எடுத்த ஒரே படத்தில், 23-ஏ இருக்க வேண்டிய இடத்தில் தலைவரின் வயிறு இருந்தது. அப்புறம் என் சம்மதப் படிவம். எண், கையெழுத்து, தேதி எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் சங்கம் அச்சடித்த தாளை, இதே மாதிரி சங்கங்களின் தாள்களை முப்பத்தாறு வருடம் ஓரமாகத் தள்ளிவைத்த நானே ஏற்கமாட்டேன்.

அடுத்த நாள் சந்துக்குப் போனபோது மாமியின் ஸ்டென்சில் எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. எண்கள் திரும்ப வந்திருந்தன, கருநீலத்தில், முன்பைவிட அழகாக, முன்பைவிட அதிகமாக. பட்டியலில் பெயர் இல்லாமல் ஒரு நம்பர் நிற்கிறது என்ற செய்தி சந்தில் பரவியிருந்தது. நட்சத்திர மீனுக்குப் பக்கத்தில் ஒரு 23-ஏ. சந்தின் கடைசியில், 35-க்கும் 36-க்கும் நடுவே கோழிக்கூடு மாதிரி இருந்த ஓர் அறையின் கதவில் இன்னொரு 23-ஏ. டால்பின் வீட்டுப் பெண் ஸ்டென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"எழுதாதீங்க" என்றேன்.

"ஏன்? எல்லாரும் எழுதிக்கினு கீறாங்க. நான் மட்டும் பாத்துக்கினு நிக்கணுமா?"

"புது பெயிண்டுல எழுதின எந்த நம்பரையும் ஆபீசர் ஒத்துக்க மாட்டார். பழசு அடியில இருக்கு. அதை நீங்க சுரண்டவும் கூடாது. சுரண்டினா நீங்களே எழுதிட்டு மேல அழுக்குப் பண்ணினதா சொல்லிடுவாங்க. அவர் கண் முன்னால சுரண்டணும்."

"அப்டீன்னு சட்டம் கீதா?"

"இல்ல. நானா இருந்தா அப்படித்தான் பண்ணியிருப்பேன்."

"நீ ஆபீசரா இருந்தப்ப எத்தினி பேருக்கு வூடு குடுத்தே சார்?"

அவர் ஸ்டென்சிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். "தப்பாச்சின்னா உங்க வூட்டு வாசல்ல வந்து குந்திக்கினு இருப்பேன், சொல்லிட்டேன்" என்று என்னிடம் சொன்னார். நியாயமான ஏற்பாடு.

சங்கத்தின் சார்பில் ஆபீசருக்கு ஒரு கடிதம் தர வேண்டும் என்று தலைவரிடம் சொன்னேன். வீடு ஒதுக்கும் அலுவலகத்தைக் கேட்காமல், அரசின் குறிகள் என்று தெரிந்திருக்க வேண்டியவற்றின் மேல், நாங்கள்தான் வெள்ளை அடித்தோம் என்று. தலைவர் காரின் கண்ணாடியைப் பாதி இறக்கியபடியே யோசித்தார்.

"நாமே போய் ஒத்துக்கறதா? நாளைக்கு நம்ம ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் பிரச்சினை வந்தா? 'சில மாற்றங்கள் நிகழ்ந்திருக்கலாம்'னு பொதுவா எழுதுங்களேன். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். 'நிகழ்ந்திருக்கலாம்' என்பதில் நான் கைதேர்ந்தவன். நிகழ்த்தியவர் பெயர் வராமல் ஓர் ஊரையே எரித்துக்காட்ட என்னால் முடியும். அன்று மாலை உட்கார்ந்து எழுதியபோது ஒவ்வொரு வாக்கியமும் பழக்கத்தில் அப்படியேதான் வந்தது. நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவதில் 'நான்' என்று தொடங்கினேன். ஓர் அலுவலகக் கடிதத்தை அப்படித் தொடங்கியது அதுதான் முதல் தடவை. சங்கத்தின் முத்திரை இல்லாமல், என் வீட்டு முகவரியோடு கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை காலை ஆபீசர் வந்தார். ஐம்பது வயது, தோளில் பை, வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை. மூன்றாவது வீட்டிலேயே நின்றுவிட்டார். ஆமை, மீன், கருநீல எண்கள் எல்லாவற்றையும் பார்த்தார்.

"இது என்ன சார் இது, அக்வேரியமா?"

கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தார். "யார் பண்ணாங்கன்னு எழுதியிருக்கீங்களே" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சர்வீஸ்ல இருந்தவரா?"

ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

சீட்டு வைத்திருந்தவர்களைச் சீட்டை வைத்து முடித்தார். 23-ஏ முறை வந்தது. இரண்டு இடங்களில் கருநீலத்தில் இருந்ததைப் பார்த்தார், விரலால் தொட்டார், விரலில் நீலம் ஒட்டியது. மூன்றாவதாக எங்கள் டால்பின். அதில் எண்ணே இல்லை.

"இதுக்கு அடியில இருக்குங்கறீங்க."

"இருக்கு. உங்க முன்னால சுரண்டணும்னுதான் தொடாம வச்சிருக்கோம்."

"இல்லைன்னா?"

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு சொம்பு வெந்நீரும் தோசைத் திருப்பியும் கொண்டுவந்தார். தண்ணீரை அடித்து ஊறவிட்டு, டால்பினின் வாலருகே சுரண்டத் தொடங்கினார். நீலம் வந்தது. பிறகு வெள்ளை, பால் ஆடை மாதிரி சுருண்டு. சந்து முழுக்கச் சுற்றி நின்றது. ஓரிடத்தில் பூச்சோடு பெயர்ந்து கீழே விழுந்தது. அவர் கை நின்றுவிட்டது. "நிறுத்தாதீங்கம்மா, மெதுவா" என்றார் ஆபீசரே. கொஞ்சம் வலப்புறம் தள்ளிச் சுரண்டினார். சிவப்பு தெரிந்தது. முதலில் 2. பிறகு 3. பிறகு அவர் கடைசி வீடுவரை நடந்து வாங்கிய அந்த எழுத்து, முழுசாக.

ஆபீசர் போனில் படம் எடுத்துக்கொண்டார். சந்துக்காரர்கள் கலையத் தொடங்கினார்கள். நானும் முடிந்தது என்றே நினைத்தேன். நடைமுறை தெரிந்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

"நம்பர் சரி. பேரு சேர்க்கணும்னா தனிக் குடும்பமான்னு பாக்கணும். தனி அடுப்பு இருக்கா? கேஸ் புக் எங்க?"

கேஸ் புத்தகம் கொழுந்தன் பெயரில், பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம். இவரிடம் இருந்தது கடையில் வாங்கும் சின்ன சிலிண்டர். அதற்கு யார் பெயரும் கிடையாது. ஒற்றை அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு தட்டு. ஆபீசர் எட்டிப்பார்த்தார்.

"இத இன்னிக்குக் காலைல கொண்டாந்து வச்சிருக்கலாம். எல்லா ஊர்லயும் வைக்கிறாங்க. பக்கத்துல இருக்கறவங்க சொல்லட்டும். ஒண்ணு சொல்லிடறேன், இதுல தகராறுன்னு வந்தா ரெண்டு நம்பரையும் சேத்து நிறுத்தி வச்சிடுவேன்."

கொழுந்தன் ஆட்டோ ஓட்டப் போயிருந்தான். அவன் மனைவி அவள் பக்கத்து நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு, நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லப்போய், அது தகராறு என்று எழுதப்பட்டால் அவள் வீடும் நின்றுபோகும். சும்மா இருந்துவிட்டால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கரைந்த நீலம் வழியும் தோசைத் திருப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா சமைக்கிறீங்களா?" என்று ஆபீசர் அவளைக் கேட்டார்.

ஆபீசர் பேனாவை மூடப் போனார்.

"ஒண்ணா ஆக்கித் துன்னா, நான் இன்னாத்துக்கு சார் ஆறு வருசமா அவகூட பேசாம கீறேன்?"

"பேசாததுக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு அடுப்புல ரெண்டு பொம்பள ஆக்கிக்கினு பேசாம கீற முடியுமா? உங்க வூட்டுல கேட்டுப் பாரு சார்."

சந்து சிரித்தது. ஆபீசரும் சிரிப்பை அடக்கப் பார்த்தார். "நெசமாவே பேசறதில்லையா?"

"இந்த சந்துல யாரை வேணா கேளு. ஒரு தபா அவளுக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்பகூட கஞ்சிய பக்கத்து வூட்டுப் பொண்ணுகிட்டதான் குடுத்தனுப்பினேன்."

"ஆமா சார், நான்தான் எடுத்தாந்து குடுத்தேன்" என்றது ஸ்டென்சில் வாங்கிக்கொண்ட குரல்.

"என்ன சண்டை?"

"அது எதுக்கு உனக்கு? அதுக்கும் ஃபாரத்துல கட்டம் கீதா?"

கட்டம் இல்லை. ஆனாலும் ஆபீசர் குறிப்புப் பகுதியில் எழுதினார். வாய்விட்டுப் படித்தும் காட்டினார்: 'இரு குடும்பத்தாரும் ஆறு ஆண்டுகளாகப் பேச்சுத் தொடர்பின்றித் தனித்தனியே சமைத்து வசிப்பதாக அடுத்த வீட்டார் உறுதிப்படுத்தினர்.' என் காலத்தில் எத்தனையோ விதமான ஆதாரங்களை ஏற்றிருக்கிறேன், நிராகரித்திருக்கிறேன். பகையை ஆதாரமாக ஏற்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

கொழுந்தன் மனைவி கையெழுத்துப் போட்டாள். அதே பேனாவை வாங்கி அதற்குக் கீழே அந்தப் பெண் போட்டார். சாட்சி என்று நான் போட்டேன். அடுத்து வந்த பட்டியலில் 23-ஏ-வுக்கு எதிரே அவர் பெயர் இருந்தது. எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கையில், விடுபட்ட குடும்பம் ஒன்றின் உரிமையைச் சங்கம் போராடிப் பெற்றுத்தந்ததாக ஒரு பத்தி இருந்தது. அதை நான் எழுதவில்லை. அதற்குள் என் ராஜினாமாவை, உரிய முன்னறிவிப்புக் காலத்தோடு, கொடுத்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை கையெழுத்தெல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் கொழுந்தன் மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தார். அவள் கண்ணாலேயே அதட்டினாள். ஆபீசர் இன்னும் சந்துக்குள்தான் இருந்தார். கோழிக்கூடு அறைக்காரரிடம் அவருடைய 23-ஏ ஏன் செல்லாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே வாசலின் இரண்டு பக்கத்திலும், ஒருவரை ஒருவர் பார்க்காமல், மிகுந்த பகையோடு நின்றார்கள். ஆபீசர் பையை மாட்டிக்கொண்டார். என்னிடம் தலையசைத்தார். சந்து முனையில் திரும்பினார்.

"யக்கா, கொஞ்சம் தண்ணி குடு" என்றாள் இளையவள். "தொண்ட காஞ்சி பூட்ச்சி."